கோப்பு பதிவிறக்கம்: எல்லா உலாவிகளுக்கும் ஒரே சர்வர் நிரல் போதும்

கேள்வி இதுதான். சர்வரில் இருப்பது ஒரே நிரல். குரோமில் கோப்பு ஒழுங்காக இறங்குகிறது. ஃபயர்ஃபாக்ஸில் கோப்பின் பெயர் முதல் இடைவெளியோடு நின்றுவிடுகிறது. ஐஃபோனில் இறங்காமல் பக்கத்திலேயே திறந்துகொள்கிறது. தமிழில் பெயர் வைத்தால் ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் வெறும் சதவீதக் குறிகளாகவும் தெரிகிறது. உலாவி அனுப்பும் அடையாள வரியான யூசர்-ஏஜென்ட்டைப் பார்த்து ஒவ்வோர் உலாவிக்கும் தனி நிபந்தனை எழுதுவதுதான் வழியா?

கூடவே கூடாது என்பேன். இந்த மூன்று குறைகளில் பெரும்பாலானவை உலாவிகளின் குறைகளே அல்ல. சர்வர் அனுப்பும் பதிலில் ஒரு பிழை இருக்கிறது. அதை ஓர் உலாவி மன்னிக்கிறது, இன்னொன்று மன்னிப்பதில்லை. பிழையைச் சரிசெய்தால் எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். உலாவியை அடையாளம் கண்டு கிளை பிரித்தால் பிழை அப்படியே இருக்கும், அதன் மேல் இன்னோர் அடுக்குதான் ஏறும்.

யூசர்-ஏஜென்ட்டை நம்புவதன் விளைவுக்கு நல்ல சான்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11. அதுவரை அந்த உலாவியின் அடையாள வரியில் எம்எஸ்ஐஇ என்ற நான்கு எழுத்துகள் இருந்தன. உலகெங்கும் பதிவிறக்க நிரல்கள் அந்த நான்கு எழுத்துகளைத் தேடி, கிடைத்தால் ஒரு வழி, கிடைக்காவிட்டால் வேறு வழி என்று எழுதப்பட்டிருந்தன. 2013இல் வந்த 11ஆம் பதிப்பு அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. போதாக்குறைக்குத் தன்னை ஃபயர்ஃபாக்ஸின் இயந்திரமான கெக்கோ போன்றது என்றும் சொல்லிக்கொண்டது. ஒரே இரவில் அந்த நிபந்தனைகளெல்லாம் தவறான கிளைக்குள் போயின. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோது ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே அறிவிக்கத் தொடங்கியது. அடையாள வரி என்பது உலாவி தன் வசதிக்காகச் சொல்லிக்கொள்வது. அதன்மேல் கட்டடம் எழுப்ப முடியாது.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது கன்டென்ட்-டிஸ்போசிஷன் என்ற ஒரே ஹெடர், அதாவது பதிலின் உள்ளடக்கத்துக்கு முன்னால் போகும் ஒரு தகவல் வரி. இது இணையத்துக்காகப் பிறந்ததே அல்ல. மின்னஞ்சல் இணைப்புகளுக்காக 1995இல் ஆர்எஃப்சி 1806 என்ற இணைய வரையறை ஆவணமாகவும், 1997இல் திருத்தப்பட்டு ஆர்எஃப்சி 2183 ஆகவும் வந்தது. 1999இல் எச்டிடிபி 1.1இன் வரையறை இதைப் பின்னிணைப்பில் மட்டும் குறிப்பிட்டு, இது தரத்தின் பகுதி அல்ல என்றும் சொல்லிவிட்டது. எல்லா உலாவிகளும் பயன்படுத்தும் ஒன்றுக்கு முறையான வரையறை இல்லாத நிலை 2011இல் ஆர்எஃப்சி 6266 வரும்வரை நீடித்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வோர் உலாவியும் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. ஒவ்வொரு நிரலாளரும் அதற்கேற்ப ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். நீங்கள் தேடும்போது கிடைக்கும் பதில்களில் பாதி அந்தக் காலத்துக் குறுக்குவழிகள். முதலில் பதிலின் தேதியைப் பாருங்கள்.

இந்த ஹெடரின் முதல் சொல் ஒன்று இன்லைன், அல்லது அட்டாச்மென்ட். இன்லைன் என்றால் முடிந்தால் பக்கத்திலேயே காட்டு. அட்டாச்மென்ட் என்றால் சேமிக்கக் கொடு. ஹெடரே அனுப்பாவிட்டால் இன்லைன் என்று பொருள். பிடிஎஃப் கோப்பு ஓர் உலாவியில் திறந்து இன்னொன்றில் இறங்குகிறது என்றால், பெரும்பாலும் இந்தச் சொல் போகவில்லை. அல்லது இடையில் உள்ள ப்ராக்ஸி அதைக் கழற்றிவிட்டது. சஃபாரியைப் பொறுத்தவரை ஒரு வரலாற்றுக் குறிப்பு மட்டும்: ஐஃபோனில் பதிவிறக்க நிர்வாகி என்ற ஒன்றே 2019இல் ஐஓஎஸ் 13இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சாதனங்களில் என்ன ஹெடர் அனுப்பினாலும் திறந்து காட்டுவதைத் தவிர உலாவிக்குப் பெரிதாக வழியில்லை. அதற்கு நீங்கள் நிரல் எழுதிப் பயனில்லை.

அடுத்தது அதே ஹெடரில் கோப்பின் பெயரைச் சொல்லும் ஃபைல்நேம். இங்குதான் நேரத்தைச் செலவிட வேண்டும். புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

ஃபயர்ஃபாக்ஸில் பெயர் வெட்டுப்படுவதற்குக் காரணம் மேற்கோள்குறி இல்லாமை. ஆண்டு அறிக்கை.பிடிஎஃப் என்று இடைவெளியுள்ள பெயரை மேற்கோள்குறிக்குள் வைக்காமல் அனுப்பினால், இலக்கணப்படி மதிப்பு முதல் இடைவெளியிலேயே முடிந்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் இலக்கணப்படி நடக்கிறது. குரோம் உங்கள் எண்ணத்தை ஊகித்து முழுப் பெயரையும் எடுத்துக்கொள்கிறது. குரோமில் மட்டும் சோதித்தவருக்குத் தன் நிரல் சரியென்று தோன்றும். ஆனால் அதே குரோம் காற்புள்ளியைப் பொறுத்துக்கொள்வதில்லை. மேற்கோள்குறியில்லாத பெயரில் காற்புள்ளி வந்தால், ஒரே ஹெடர் இரண்டு முறை வந்துவிட்டது என்று கருதி, பதிலையே நிராகரித்துப் பிழைப் பக்கத்தைக் காட்டும். ஹெடர்களில் காற்புள்ளி பல மதிப்புகளைப் பிரிக்கும் குறி என்பதால் அந்தக் கருத்தும் நியாயமானதே. ஆக, இரட்டை மேற்கோள்குறி எப்போதும் இருக்கட்டும். பெயரில் இடைவெளி இல்லை என்று தெரிந்தாலும் இருக்கட்டும்.

அந்த மேற்கோள்குறிக்குள் என்ன வைப்பது? ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி, இடைவெளி ஆகியவற்றை மட்டும் வையுங்கள். பெயருக்குள்ளேயே இரட்டை மேற்கோள்குறியோ பின்சாய்வுக்கோடோ இருந்தால், முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்த்து அனுப்பலாம் என்கிறது இலக்கணம். ஆனால் உலாவிகள் இதில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. அடிக்கோடாக மாற்றிவிடுவதே நிம்மதி. சதவீதக் குறியும் இங்கே வேண்டாம். அதையடுத்து இரண்டு பதினறும எண்கள் வந்தால் சில உலாவிகள் அதைக் குறியாக்கம் என்று நினைத்துப் பிரிக்கும், சில அப்படியே காட்டும். சிம்ஃபோனி என்ற பிஎச்பி சட்டகத்தின் இதற்கான செயற்கூறு, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டும் கொண்ட இந்த ஆஸ்கிப் பெயரில் சதவீதக் குறி இருந்தாலே பிழை எறிகிறது. அதன் காரணம் இதுதான்.

தமிழ்ப் பெயரை இந்த இடத்தில் நேரடியாக வைக்கக் கூடாது. எச்டிடிபி ஹெடர்கள் வழக்கமாக ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தோடு பிணைந்தவை. தமிழ் எழுத்துகளை ஃபைல்நேமில் அப்படியே போட்டால் நடப்பது சர்வரைப் பொறுத்தது: பிஎச்பி பைட்டுகளை அப்படியே கடத்திவிடும், நோட் ஜேஎஸ் செல்லாத எழுத்து என்று பிழை எறியும், ஜாவா சர்வர்கள் சிலவற்றில் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியைத் தவிர்க்க, எல்லா மொழிகளுக்குமான குறியாக்கமான யூடிஎஃப்-8இன் பைட்டுகளை ஐஎஸ்ஓ-8859-1 சரமாக வேடம் போட வைக்கும் வரி பழைய ஜாவா நிரல்களில் அடிக்கடி கண்ணில் படும். கண்டால் நீக்கிவிடுங்கள், அதற்கான முறையான இடம் வேறு இருக்கிறது.

அந்த இடம்தான் பெயரின் இறுதியில் நட்சத்திரக் குறி உள்ள இரண்டாவது ஃபைல்நேம். இதன் இலக்கணம் 2010இல் ஆர்எஃப்சி 5987இல் வந்து, 2017இல் ஆர்எஃப்சி 8187 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. முழு வரியின் வடிவம் இப்படி இருக்கும்; நிரலில் எல்லாம் ஆங்கிலச் சொற்களாகவே வரும்:

கன்டென்ட்-டிஸ்போசிஷன்: அட்டாச்மென்ட்; ஃபைல்நேம்="ஆஸ்கிப் பெயர்"; ஃபைல்நேம்*=யூடிஎஃப்-8''குறியாக்கப்பட்ட பெயர்

கவனிக்க வேண்டிய சிறு விஷயங்கள் பல உண்டு. நட்சத்திர வடிவத்துக்கு இரட்டை மேற்கோள்குறி கிடையாது. யூடிஎஃப்-8 என்பதை அடுத்து இரண்டு ஒற்றை மேற்கோள்குறிகள் ஒட்டி வருகின்றன. அவற்றின் நடுவே மொழியின் பெயரைக் குறிக்கலாம், யாரும் குறிப்பதில்லை. வரிசையும் முக்கியம்: சாதாரண ஃபைல்நேம் முதலில், நட்சத்திரம் சேர்ந்தது பிறகு. நட்சத்திரத்தை அறிந்த உலாவி எந்த வரிசையிலும் அதற்கே முன்னுரிமை தர வேண்டும். அறியாத பழைய மென்பொருள் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9ஆம் பதிப்பிலேயே இந்த வடிவத்தைக் கற்றுக்கொண்டது. இன்று புழக்கத்தில் உள்ள எந்த உலாவிக்கும் இது புதிதல்ல.

குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்துகளாகும். அறிக்கை என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து. யூனிக்கோடில் அது 7 புள்ளிகள், 21 பைட்டுகள், குறியாக்கியபின் 63 எழுத்துகள். பதிவைப் பார்க்கும்போது இந்த நீளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குறியாக்கும் செயற்கூறைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இணையப் படிவங்களுக்கான குறியாக்கமும் இதுவும் ஒன்றல்ல. ஜாவாவின் யூஆர்எல்-என்கோடர், பிஎச்பியின் யூஆர்எல்-என்கோட் இரண்டும் படிவங்களுக்கானவை. இடைவெளியைக் கூட்டல் குறியாக்கிவிடும். பயனரின் கணினியில் ஆண்டு+அறிக்கை என்று கோப்பு வந்து நின்றால் இதுதான் காரணம். பிஎச்பியில் ரா-யூஆர்எல்-என்கோட் பயன்படுத்துங்கள். ஜாவாவில் அந்தச் செயற்கூறின் வெளியீட்டில் கூட்டல் குறியை இடைவெளிக்கான சதவீதக் குறியீடாக மாற்றுங்கள். நட்சத்திரக் குறியையும் அது தொடாமல் விடுவதால் அதையும் மாற்ற வேண்டும். பைத்தானின் க்வோட் செயற்கூறு சாய்வுக்கோட்டைத் தொடாது; சேஃப் என்ற அளபுருவை வெற்றாகக் கொடுத்தால் அதையும் மாற்றும். ஜாவாஸ்கிரிப்டின் என்கோட்-யூஆர்ஐ-காம்பொனன்ட் ஒற்றை மேற்கோள்குறி, இரு அடைப்புக்குறிகள், நட்சத்திரக் குறி ஆகிய நான்கையும் விட்டுவிடும். இந்த நான்குக்கும் இங்கே அனுமதி இல்லை. ஒற்றை மேற்கோள்குறி இந்த இலக்கணத்தில் பிரிப்பான் என்பதால் பெயருக்குள் அது வந்தால் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பிவிடலாம்.

இவ்வளவையும் கையால் எழுத வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். வலைத்தளச் சட்டகங்களான ஜாங்கோவின் ஃபைல்-ரெஸ்பான்ஸ், ஃபிளாஸ்கின் சென்ட்-ஃபைல், எக்ஸ்பிரஸின் டவுன்லோடு, ரெயில்ஸின் சென்ட்-டேட்டா, ஸ்பிரிங்கின் கன்டென்ட்-டிஸ்போசிஷன் வகுப்பு ஆகியவை இதைச் செய்து தருகின்றன. பெயரை வாங்கிச் சரமாக ஒட்டும் வரி உங்கள் நிரலில் இருந்தால், அதை நீக்கிச் சட்டகத்தின் செயற்கூறை அழைப்பதே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பழைய பதிப்போடு தங்கிவிடாதீர்கள். ஜாங்கோவின் ஃபைல்-ரெஸ்பான்ஸே பெயருக்குள் வரும் மேற்கோள்குறியைச் சரியாகக் கையாளாததால் 2022இல் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. பெயரைப் பயனர் தருகிறார் என்றால், அந்த மேற்கோள்குறியை வைத்து அவர் பெயரின் பின்னொட்டையே மாற்றி, ஆவணம் என்று நினைத்து இறக்கும் இன்னொருவரிடம் இயங்கு கோப்பைக் கொடுத்துவிடலாம். வரி முறிக்கும் குறிகளும் இப்படித்தான்: பெயரில் புகுந்தால் புதிதாக ஒரு ஹெடரையே நுழைத்துவிடும். நோட் ஜேஎஸ், பிஎச்பி போன்றவை இதை இப்போது தடுக்கின்றன. நீங்களும் கட்டுப்பாட்டுக் குறிகள் எல்லாவற்றையும் பெயரிலிருந்து முதலிலேயே களைந்துவிடுங்கள்.

களையும்போது விண்டோஸையும் மனத்தில் வையுங்கள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், குத்துக்கோடு, சாய்வுக்கோடுகள், கோண அடைப்புகள், இரட்டை மேற்கோள்குறி ஆகியவற்றுக்கு அங்கே கோப்புப் பெயரில் இடமில்லை. நேரத்தைப் பெயரில் சேர்க்கிறவர்கள் 10:30 என்று எழுதிவிட்டு, ஒவ்வோர் உலாவியும் அந்த முக்காற்புள்ளியை வெவ்வேறு குறியாக மாற்றுவதைப் பார்த்து உலாவிகளைக் குறை சொல்கிறார்கள். 10-30 என்று எழுதினால் விவாதமே இல்லை. நீளத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகுகளை அனுமதிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்-4 அனுமதிப்பது 255 பைட்டுகளை. தமிழில் 255 பைட் என்பது 85 குறியீட்டுப் புள்ளிகள்தான். நீண்ட தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்கினால் எளிதில் தாண்டிவிடும். வெட்டுவதென்றால் பின்னொட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எழுத்து எல்லையில் வெட்டுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்க்குறியும் தனிப் புள்ளிகள் என்பதால், பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து உருக்குலைந்து நிற்கும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொன்றும் உண்டு. கொ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து பதிவேற்றிய கோப்பைப் பெயர் கொண்டு தேடினால் சர்வர் இல்லையென்று சொல்லலாம். பதிவேற்றும்போதே பெயரை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதிய வடிவத்துக்கு இயல்பாக்கித் தரவுத்தளத்தில் வையுங்கள். வட்டில் கோப்பைச் சேமிக்கப் பயனர் தந்த பெயரைப் பயன்படுத்தவே வேண்டாம். ஓர் எண்ணை வைத்துச் சேமித்துவிட்டு, பெயரை ஹெடருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இரு புள்ளிகளை வைத்து மேல் அடைவுக்கு ஏறும் பழைய தாக்குதலுக்கும் அத்தோடு வழி அடைபடுகிறது.

கோப்பின் வகையைச் சொல்லும் ஹெடரான கன்டென்ட்-டைப்பைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை பரவலாக இருக்கிறது: அப்ளிகேஷன்/ஃபோர்ஸ்-டவுன்லோடு என்று அனுப்பினால் கட்டாயம் இறங்கும் என்று. அப்படி ஒரு வகை பதிவு செய்யப்படவே இல்லை. உலாவி அறியாத எந்த வகையைக் கண்டாலும் சேமிக்கக் கொடுக்கும் என்பதால்தான் அது வேலை செய்வதுபோலத் தோன்றுகிறது. உண்மையான வகையைச் சொல்லுங்கள். பிடிஎஃப் என்றால் பிடிஎஃப். அட்டாச்மென்ட் என்ற சொல்லே இறக்கிவிடும். கைபேசிகளில் இறங்கிய கோப்பை எந்தச் செயலியில் திறப்பது என்பதற்கு இந்த வகை பயன்படும். பொய் வகை சொன்னால் அங்கே கோப்பு திறக்காமல் கிடக்கும். வகை தெரியாதபோது மட்டும் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்ற பொது வகை. கூடவே எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்: நோஸ்னிஃப் என்ற ஹெடரையும் சேர்த்துவிடுங்கள், உலாவி உள்ளடக்கத்தை முகர்ந்து வகையை மாற்றிக்கொள்ளாது. பயனர்கள் பதிவேற்றிய எச்டிஎம்எல், எஸ்விஜி கோப்புகளை உங்கள் தளத்தின் பெயரிலேயே இன்லைனாகக் கொடுப்பது, யார் வேண்டுமானாலும் உங்கள் தளத்தில் ஸ்கிரிப்ட் ஓட்டலாம் என்று அனுமதி கொடுப்பதற்குச் சமம். அவற்றுக்கு எப்போதும் அட்டாச்மென்ட். முடிந்தால் வேறு டொமைன்.

பழைய நிரல்களில் பிராக்மா: பப்ளிக் என்று ஒரு புதிரான வரி இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை, பாதுகாப்பான இணைப்பில் நோ-கேஷ் என்று சொன்னால் கோப்பைத் தற்காலிகமாகக்கூட வட்டில் வைக்காமல், பிறகு திறக்க முடியவில்லை என்று கைவிரித்துவிடும். அதற்கான மருந்து அந்த வரி. 9ஆம் பதிப்பில் நோய் தீர்ந்தது. 2022 ஜூன் மாதத்தில் உலாவிக்கான ஆதரவே முடிந்தது. மருந்து மட்டும் இன்னும் நகலெடுக்கப்பட்டு வருகிறது. தனிப்பட்ட ஆவணம் என்றால் கேஷ்-கன்ட்ரோலில் பிரைவேட், நோ-ஸ்டோர் என்று எழுதுங்கள். ஒருவரின் சம்பளச் சீட்டை இடையிலுள்ள கேஷ் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் ஆபத்தை இது தடுக்கும்.

இனி பைட்டுகள். கோப்பு இறங்குகிறது, ஆனால் பழுதடைந்திருக்கிறது என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று, கோப்பின் முன்னோ பின்னோ ஒட்டிக்கொண்ட தேவையற்ற பைட்டுகள். பிஎச்பியில் தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே போதும். எச்சரிக்கைச் செய்தி ஒன்று அச்சாகியிருந்தாலும் போதும். பிடிஎஃப் வாசிப்பான்கள் பல இதைப் பொறுத்துக்கொள்ளும், எக்செல் பொறுத்துக்கொள்ளாது. இதையும் உலாவிச் சிக்கல் என்றே நினைப்பார்கள். வெளியீட்டு இடையகத்தைக் காலிசெய்துவிட்டுக் கோப்பை அனுப்புங்கள். அனுப்பி முடித்தவுடன் நிரலை நிறுத்துங்கள். இரண்டு, அளவைச் சொல்லும் ஹெடரான கன்டென்ட்-லெங்த். நிரல் கோப்பின் உண்மையான அளவைச் சொல்லியிருக்கும். அதன்பின் ஒரு சுருக்க அடுக்கு ஜிசிப் செய்து பைட்டுகளைக் குறைத்திருக்கும். சொன்ன அளவு வரவில்லை என்று குரோம் பதிவிறக்கத்தைத் தோல்வியாக அறிவிக்கும். சொன்னதைவிட அதிகமாக அனுப்பினாலோ மிச்சம் வெட்டுப்படும். சிப், பிடிஎஃப், படங்கள் போன்ற ஏற்கெனவே சுருங்கிய கோப்புகளுக்கு ஜிசிப்பை அணைத்துவிடுவதே நல்லது. சரியான அளவும் போகும், பயனருக்கு முன்னேற்றப் பட்டையும் தெரியும்.

அளவை முன்கூட்டியே சொல்ல முடியாத கோப்புகளில், அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 200 என்ற நிலைக்குறி ஏற்கெனவே போய்விட்டது. திரும்பப் பெற முடியாது. பல நிரல்கள் இந்த இடத்தில் பிழைச் செய்தியைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டு ஒழுங்காக முடித்துவிடுகின்றன. பயனருக்கு இறங்கியது முழுமையான கோப்பு என்றே தோன்றும். கணக்கு விவரக் கோப்பு பாதியோடு நின்றிருப்பது அவருக்கு என்றைக்கோ தெரியவரும். இணைப்பை முறையாக முடிக்காமல் அறுத்துவிடுவதுதான் நேர்மை. இறுதித் துண்டு வராததைக் கண்டு உலாவி தோல்வி என்று காட்டும்; பயனர் மீண்டும் முயல்வார். இதே வகையில் இன்னொரு தவறு: அமர்வு காலாவதியானால் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிரல். பக்கத்தில் உள்ள இணைப்பில், சொடுக்கினால் சேமிக்கச் சொல்லும் டவுன்லோடு பண்பு இருந்தால், அந்த உள்நுழைவுப் பக்கமே அறிக்கை என்ற பெயரில் சேமிக்கப்பட்டுவிடும். பதிவிறக்க முகவரிகளில் திருப்பிவிடாமல், அனுமதி இல்லை என்று சொல்லும் 401 அல்லது 403 நிலைக்குறியைக் கொடுங்கள்.

பெரிய கோப்பை நினைவகத்தில் முழுக்க ஏற்றாமல் துண்டு துண்டாக அனுப்புங்கள். அதைவிடச் சிறந்தது, அனுமதியைச் சரிபார்ப்பதோடு உங்கள் நிரல் ஒதுங்கிக்கொண்டு அனுப்பும் வேலையை வலைச் சர்வரிடம் விட்டுவிடுவது. என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட், அப்பாச்சியில் எக்ஸ்-சென்ட்ஃபைல் தொகுதி இதற்காகவே உள்ளன. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் தரும் 206 பதில்கள், கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் எல்லாம் அத்தோடு கிடைத்துவிடும். சஃபாரி காணொளிக் கோப்புகளை முதல் இரண்டு பைட்டுகளை மட்டும் கேட்டுத்தான் தொடங்கும். இப்படிப் பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்குப் பதில் சொல்லத் தெரியாத, கையால் எழுதிய நிரல் அங்கே தடுமாறும். கோப்புகள் அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3 போன்ற இடத்தில் இருந்தால், கையொப்பமிட்ட முகவரியிலேயே டிஸ்போசிஷனைக் குறிப்பிட முடியும். உங்கள் சர்வர் வழியாக ஒரு பைட்டும் போகத் தேவையில்லை.

பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டாலேயே கோப்பைக் கேட்டு வாங்கி (ஃபெட்ச்), நினைவகத்தில் பிளாப் ஆக்கி, இணைப்பைச் சொடுக்குவது இப்போது பரவலான பழக்கம். தேவையில்லாத இடங்களிலும் செய்கிறார்கள். சாதாரண இணைப்பு போதுமானால் அதையே வையுங்கள்; உலாவி நேராக வட்டில் எழுதும், முன்னேற்றம் காட்டும், அறுந்தால் தொடரும். அங்கீகார ஹெடர் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால் ஃபெட்ச் தேவைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். முகப்பும் சர்வரும் வேறு வேறு டொமைனில் இருந்தால் கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடரை ஸ்கிரிப்ட்டால் படிக்க முடியாது. நெட்வொர்க் பட்டியலில் கண்ணுக்குத் தெரியும், நிரலுக்கு வெற்றாக வரும். அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் வரிசையில் அதன் பெயரைச் சேர்த்தால் படிக்கலாம். டவுன்லோடு பண்பு வேறு டொமைன் கோப்புகளுக்குப் பயன்படாது; 2018 முதல் குரோமும் அதைப் புறக்கணிக்கிறது. ஹெடரில் பெயர் இருந்தால் பண்பில் உள்ள பெயர் தோற்றுவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உண்மையாகவே வேறுபாடு இருக்கும் ஓரிடம் செயலிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் உலாவி. ஆண்ட்ராய்டின் வெப்வியூ தானாக எதையும் இறக்காது. முகவரியைச் செயலியிடம் கொடுக்கும், செயலி பதிவிறக்க நிர்வாகியிடம் கொடுக்கும், அது புதிதாக ஒரு கெட் கோரிக்கை அனுப்பும். செயலி எழுதியவர் குக்கீயைச் சேர்க்க மறந்திருந்தால் அந்தக் கோரிக்கை உள்நுழையாதவருடையதாகவே வரும். போஸ்ட் படிவத்தின் பதிலாகக் கோப்பைக் கொடுத்திருந்தால் அதுவும் தொலைந்துபோகும். ஐஓஎஸ் பக்கம் செயலிக்குள் பதிவிறக்கத்துக்கான முறையான வசதி 2021இல் 14.5ஆம் பதிப்பில்தான் வந்தது. இங்கும் உலாவியை அடையாளம் காண வேண்டியதில்லை. போஸ்ட் கோரிக்கைக்குக் கோப்பைத் தராமல், சில நிமிடங்கள் மட்டும் செல்லும் கையொப்பமிட்ட ஒரு முகவரியைத் தாருங்கள். கோப்பை அந்த முகவரியிலிருந்து கெட் மூலம் கொடுங்கள். குக்கீ இல்லாமலும் அது வேலை செய்யும். ஒரே ஒரு முறை மட்டும் திறக்கும் இணைப்பு வேண்டாம். வைரஸ் சோதிப்பான், இணைப்பின் முன்னோட்டம், இரண்டாவது கோரிக்கை ஆகியவற்றில் ஏதோ ஒன்று அந்த ஒரு முறையைத் தின்றுவிடும்.

சோதிப்பதற்குக் கடினமான ஒரு பெயரைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: தமிழும் ஆங்கிலமும் கலந்து, இடைவெளி, காற்புள்ளி, இரட்டை மேற்கோள்குறி, ஒற்றை மேற்கோள்குறி, சதவீதக் குறி, கூட்டல் குறி, அடைப்புக்குறி எல்லாம் கொண்டதாக. உலாவியைத் திறப்பதற்கு முன் கர்ல் என்ற கட்டளை வரிக் கருவி கொண்டு ஹெடர்களைப் பாருங்கள். ஹெடர்களை மட்டும் கேட்கும் விருப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது ஹெட் கோரிக்கை அனுப்பும், பல நிரல்கள் அதற்கு வேறு பதில் தரும். கெட் கோரிக்கையே அனுப்பி, உடலைக் கோப்பில் சேமித்து, மூலக் கோப்போடு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். செக்சம் ஒன்றாகவும் ஹெடர் மேலே சொன்ன வடிவிலும் இருந்தால், அதற்குப் பிறகு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நான்கிலும் ஒரு முறை இறக்கிப் பார்ப்பது போதும். பின்சாய்வுக்கோடு, மேற்கோள்குறி போன்றவற்றை ஓர் உலாவி அடிக்கோடாக மாற்றிச் சேமிப்பதைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். அது பயனரின் இயங்குதளத்துக்காக அவை செய்யும் வேலை. பெயர் வெட்டுப்பட்டாலோ எழுத்துகள் சிதைந்தாலோ, மீண்டும் கர்ல் வெளியீட்டுக்குத் திரும்பி, ஹெடரை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.